சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குக் காரில் போகிறோம்: வழியில் எந்தெந்த ஊரில் இறங்கலாம்?

வண்ணார்பேட்டை செல்வி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க திருநெல்வேலி வண்ணார்பேட்டை, சுலோச்சன முதலியார் பாலத்துக்கு இந்தப் பக்கம். எங்க வீட்டு சார் முப்பத்திரண்டு வருஷம் சரித்திரப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவங்க. மகன் சிட்னியில, மகள் மெல்பர்ன்ல. வர்ற ஏப்ரல்ல போறோம். முதல்ல மகன் வீடு, அங்கேருந்து மகள் வீடு.

விமானத்துல ஒன்றரை மணி நேரம்தான், டிக்கெட் போட்டுருதேன்னு மகன் சொல்லுதான். சார் ஒத்துக்கிட மாட்டேங்காங்க. மதராஸ் பட்டாளத்துக்குக் குதிரை அந்த ஊர்ப் புல்வெளியிலேர்ந்துதான் கப்பல்ல வந்துச்சாம். நியூ சவுத் வேல்ஸ் குதிரைங்கிறதால ‘வேலர்’னே அதுக்குப் பேராம். அந்தப் புல்வெளியை மேகத்துக்கு மேல இருந்து பார்க்கவா இவ்வளவு தூரம் வாறேன்னு கேக்காங்க. அட்லஸை விரிச்சு வச்சு, கோல்பர்ன், குண்டகாய், ஆல்பரின்னு பென்சில்ல கோடு போட்டாச்சு.

மகன் கார் ஓட்டுவான், அஞ்சு நாள் லீவு போடுதேங்கான். எனக்கு முட்டுவலி, ரெண்டு மணி நேரத்துக்கு மேல உக்கார முடியாது. செவ்வாய், வெள்ளி நாங்க கவிச்சி தொடமாட்டோம். ரோட்டுல ஆள் நடமாட்டமே இருக்காதுன்னு சொல்லுதாங்களே, வயசானவங்க போற வழிதானா? எந்த ஊர்ல தங்கலாம்? நெசமா பார்க்க என்ன இருக்கு? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க. எனக்கும் உள்ளுக்குள்ள ஆசைதான். பிள்ளைங்க வீட்டு ஹாலையும் பக்கத்துப் பூங்காவையும் மட்டும் பார்த்துட்டுத் திரும்ப மனசில்லை.

நாங்குநேரி தம்பி:

அம்மா, விமானத்துலயே போயிருங்க. நான் மெல்பர்ன்ல அஞ்சு வருஷமா இருக்கேன். ஹியூம் நெடுஞ்சாலையில மூணு தடவை ஓட்டியிருக்கேன். கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம், 900 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரெண்டு பக்கமும் காய்ஞ்ச புல்லும் ஆடும்தான். அந்த ஊர்கள்ல ஒரு பெரிய தெரு, ஒரு தபால் ஆபீஸ், ஒரு சர்ச் இருக்கும். 160, 170 வருஷக் கட்டடத்துக்குப் பலகை மாட்டி வச்சிருப்பாங்க. நெல்லையப்பர் கோயில் கல்தூணைத் தட்டிப் பார்த்து வளர்ந்த நமக்கு அது பழமையாவே தோணாது. உங்க முட்டுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. மகள் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் பல்லாரட் போயிட்டு வாங்க, தங்கம் எடுத்த ஊர். 1854ல யுரேகாவில தங்கம் தோண்டினவங்க அரசாங்கத்தை எதிர்த்துச் சண்டை போட்ட எடம் அங்கதான் இருக்கு. சரித்திர சாருக்கு அது போதும்.

மணியாச்சி கார்டு:

தங்கச்சி, சார் போட்ட பென்சில் கோட்டை அழிக்க வேண்டாம். காரிலேயே போங்க.

நான் ரயில்வேயில முப்பத்திநாலு வருஷம் கார்டா இருந்தவன். சொந்த ஊர் மணியாச்சி. 2018 மே மாசம் மகளும் மருமகனும் எங்க ரெண்டு பேரையும் இதே வழியில கூட்டிட்டுப் போனாங்க. எங்க வீட்டம்மாவுக்கும் முட்டுவலி உண்டு. அதனால உங்க கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உக்காந்துட்டேன்.

தம்பி சொன்ன ஆடும் புல்லும் உள்ளதுதான். ஆனா அந்தச் சாலையில வண்டி விட்டா ஒரு ஊரும் கண்ணுல படாது. எல்லா ஊருக்கும் பைபாஸ் போட்டாச்சு, கடைசியா ஹோல்புரூக்குக்கு 2013ல போட்டாங்க. அதோட சிட்னியிலேர்ந்து மெல்பர்ன் வரைக்கும் ஒரு கடைத்தெருவுக்குள்ளயும் நுழையாம போயிரலாம்னு ஆயிட்டு. தம்பி, உங்க நாங்குநேரியையே எடுத்துக்கிடுங்க. நாலுவழிச் சாலையில மதுரைக்குப் போறவனுக்கு வானமாமலைப் பெருமாள் கோயில் எண்ணெய்க் கிணறு எங்க தெரியப் போவுது? திரும்பி ஊருக்குள்ள வாறவனுக்குத்தான் தெரியும். அங்கயும் அப்படித்தான். பலகையைப் பார்த்ததும் திரும்பணும். திரும்பி ரெண்டு நிமிஷத்துல அகலமான தெரு வரும், ரெண்டு பக்கமும் தகரத் தாழ்வாரம் போட்ட கடைங்க, மணிக்கூண்டு, போர்ல செத்தவங்க பேரைச் செதுக்கின கல்தூண். என் மருமகனுக்கு முதல் ரெண்டு ஊர்ல பொறுமை இல்லை. மூணாவது ஊர்லேர்ந்து அவரே திருப்ப ஆரம்பிச்சிட்டார்.

முதல் நாள் பெரிமாவுல ஒரு மணி நேரம் நின்னா போதும். 1838ல கட்டின கோர்ட்டு, பக்கத்துலயே ஜெயில், எல்லாம் மணற்கல். முதல் உலகப் போர் சமயம் ஜெர்மன் கப்பல்காரங்களை அந்த ஜெயில்லதான் வச்சிருந்தாங்க. ராத்திரிக்குக் கோல்பர்ன். சிட்னியிலேர்ந்து 195 கிலோமீட்டர்தான், அம்மாவுக்கு முதல் நாள் அது போதும். ஆஸ்திரேலியாவுல கடற்கரை இல்லாம உள்நாட்டுல முதல்ல நகரம்னு பட்டயம் வாங்கின ஊர் அது, 1863ல. ஊர் ஓரத்துல 15 மீட்டர் உயரத்துக்கு ஒரு செம்மறிக் கிடா சிலை நிக்கும். உள்ள படி ஏறிப் போய் அதோட கண் வழியா வெளிய பார்க்கலாம். பேரப்பிள்ளைங்க வந்தா அவங்க ஏறட்டும், நீங்க கீழ இருந்து பாருங்க. நம்ம வெம்பூர் ஆட்டுக்குக் கம்பளி கிடையாது. இந்த மெரினோ ஆட்டுக்கு முகம் தெரியாத அளவுக்குக் கம்பளி. அந்தக் கம்பளிதான் இந்த ஊர்ல உள்ள பெரிய சர்ச், பெரிய ரயில் நிலையம் எல்லாத்துக்கும் காசு கொடுத்தது.

குண்டகாய் பத்தி இன்னொருத்தர் எழுதுவாங்கன்னு நினைக்கேன், அங்க ஒரு ராத்திரி கட்டாயம் தங்குங்க. அங்கேருந்து நெடுஞ்சாலையை விட்டுட்டு ஜுனி போங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துரும். ஜுனி முழுக்க ரயில்காரங்க ஊர். 1947ல கட்டின வட்ட லோகோ ஷெட் இருக்கு. நடுவுல 30 மீட்டர் திருப்புமேடை, சுத்தி வட்டமா 42 எஞ்சின் நிக்கிற எடம். எஞ்சினைத் திருப்புமேடையில ஏத்தி ஒரு சுத்துச் சுத்தி எந்த வாசல்ல வேணுமோ அங்க விடுவாங்க. நான் அங்க ரெண்டு மணி நேரம் நின்னேன். எண்ணெய் வாடையும் கரி வாடையும் சுவர்ல இன்னும் இருக்கு. எங்க வீட்டம்மா பழைய மாவு மில்லுல அதிமதுர மிட்டாய் பண்ணுற எடத்துல உக்காந்துக்கிட்டாங்க, நாற்காலி எல்லாம் வசதி.

அப்புறம் வாகா வழியா ஹோல்புரூக். கடல் எந்தத் திசையிலன்னு கேட்டா யோசிச்சுச் சொல்ற ஊர், அங்க பூங்காவுல நீர்மூழ்கிக் கப்பல் ஒண்ணு புல்லுல மிதக்கிற மாதிரி நிக்கி. பேரு ஓட்வே. அந்த ஊருக்கு முன்னால ஜெர்மன்டன்னு பேர். ஜெர்மனியோட போர் வந்ததும் அந்தப் பேர் வேண்டாம்னு ஆயிட்டு. டார்டனெல்ஸ்ல துருக்கிப் போர்க்கப்பலை மூழ்கடிச்சு விக்டோரியா கிராஸ்ங்கிற வீரப் பதக்கம் வாங்கின நீர்மூழ்கித் தளபதி நார்மன் ஹோல்புரூக் பேரை 1915ல வச்சாங்க. பின்னால ஓட்வே கப்பலை வாங்கிக் கொண்டு வந்து வைக்க அவரோட மனைவியே ஒரு லட்சம் டாலர் கொடுத்திருக்காங்க. கணவன் பேர் தாங்கின ஊரை அந்தம்மா மறக்கலை. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது.

இப்ப ஆல்பரி. நான் எழுத உக்காந்ததே இதுக்காகத்தான்.

முர்ரே ஆத்துக்கு வடகரை நியூ சவுத் வேல்ஸ், தென்கரை விக்டோரியா. அந்தக் காலத்துல ரெண்டும் தனித்தனிக் காலனி. சிட்னிக்காரங்க தண்டவாளத்தை 1435 மில்லிமீட்டர் அகலத்துல போட்டாங்க, மெல்பர்ன்காரங்க 1600ல போட்டாங்க. 1873ல மெல்பர்ன் பாதை தென்கரை வொடோங்காவுக்கு வந்துட்டு. 1881ல சிட்னி பாதை ஆல்பரிக்கு வந்துட்டு. 1883ல ஆத்துல பாலம் போட்டுச் சேர்த்தாங்க. சேர்த்தும் ஒரு பெட்டி கூடத் தாண்ட முடியாது, சக்கரத்துக்குச் சக்கரம் ஆறரை அங்குலம் இடிக்கும். அதனால ராத்திரியில பயணிகளை எழுப்பி, குளிர்ல இறக்கி, பிளாட்பாரத்தோட இந்தப் பக்கத்து வண்டியிலேர்ந்து அந்தப் பக்கத்து வண்டிக்கு மாத்துவாங்க. ரெண்டு நீள வண்டியும் நிக்கணும்னு கட்டினதால பிளாட்பாரம் 455 மீட்டர். 1895ல அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் அங்க இறங்கி மாறினவர், அந்தக் கஷ்டத்தை எழுதியும் வச்சிருக்கார். ரெண்டாம் உலகப் போர்ல பட்டாளச் சாமான் முழுக்க அங்க ஆள் வச்சுக் கைமாத்தித்தான் போச்சு. 1962லதான் மெல்பர்ன் வரைக்கும் ஒரே அளவுப் பாதை வந்துது.

நம்ம திருநெல்வேலி ஜங்ஷனை நினைச்சுப் பாருங்க. 1981ல நாகர்கோவில் பக்கத்துலேர்ந்து அகலப்பாதை வந்த பிறகும் தென்காசிப் பக்கம் மீட்டர் பாதைதான். 2012லதான் தென்காசிக்கு அகலப்பாதை. மீட்டர் பாதையை மூடுற வரைக்கும் ஒரே ஸ்டேஷன்ல ஒரு பக்கம் 1676 மில்லிமீட்டர், இன்னொரு பக்கம் 1000. நாகர்கோவில் வண்டி தாமதமா வந்த நாள்ல தலையில பெட்டி, இடுப்புல பிள்ளையோட செங்கோட்டை பாசஞ்சரைப் பிடிக்க ஜனம் ஓடி வரும். பச்சைக்கொடியைச் சுருட்டி வச்சுக்கிட்டு, கடைசி ஆள் கம்பியைப் பிடிக்கிற வரைக்கும் நான் நின்னுருக்கேன். ஆல்பரி பிளாட்பாரத்துல சாயங்காலம் தனியா நின்னப்ப அந்தக் காலடிச் சத்தம்தான் எனக்குக் கேட்டுது. நூறு வருஷத்துக்கு முன்னால அங்க நின்ன கார்டும் யாருக்காகவாவது கொடியைத் தாழ்த்திப் பிடிச்சிருப்பான்.

நாலாவது நாள் பீச்வொர்த். தேன் நிறத்துல கருங்கல் கட்டடங்க, 1852ல தங்கம் கிடைச்ச ஊர். கல்லறைத் தோட்டத்துல சீனாக்காரங்க சாம்பிராணி, காகிதம் எரிக்கக் கட்டின ரெண்டு கோபுரம் இருக்கு, அதை விட்டுராதீங்க. ஏப்ரல்ல மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமா நிக்கும். அங்கேருந்து மெல்பர்ன் போற வழியில கிளென்ரோவன். அதைப் பத்தித் தனியா எழுதுதேன், கை வலிக்கு.

ஏரல் சிஸ்டர்:

அம்மா, நான் ஏரல். வாகா வாகா ஆஸ்பத்திரியில ஏழு வருஷமா நர்ஸ். கார்டு ஐயா குண்டகாயை விட்டு வச்சிருக்காங்க, நான் சொல்லுதேன். வாகாவிலேர்ந்து ஒரு மணி நேரத்துல அந்த ஊருக்குப் போயிரலாம், வர்ற சொந்தக்காரங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போவேன்.

குண்டகாய் மர்ரம்பிட்ஜி ஆத்தங்கரையில இருக்கு. வெள்ளைக்காரங்க முதல்ல ஊரை ஆத்துப் பள்ளத்துலயே அளந்து கட்டினாங்க. அந்த மண்ணுக்குச் சொந்தக்காரங்களான விராஜுரி மக்கள், இது தண்ணி வர்ற எடம்னு சொல்லியிருக்காங்க. கேக்கலை. 1852 ஜூன் 24, 25 ராத்திரி வெள்ளம் வந்துது. ஊர்ல இருந்ததே 250 பேர்தான். அதுல குறைஞ்சது 78 பேர் போயிட்டாங்க. மிச்சப் பேர் கூரையிலயும் மரத்துலயும் தொத்திக்கிட்டு நின்னாங்க. யாரி, ஜாக்கி ஜாக்கின்னு ரெண்டு விராஜுரி ஆளுங்க மரப்பட்டைத் தோணியிலயும் படகுலயும் அந்தச் சுழல்ல போய், ஒரு நடைக்கு ஒண்ணு ரெண்டு பேரா, அறுபது பேருக்கு மேல கரையேத்தினாங்க. தன் நிலத்தைப் பறிச்சவங்களைத்தான் காப்பாத்தினாங்க. ஷெரிடன் தெருவுல 2017ல அந்த ரெண்டு பேருக்கும் வெண்கலச் சிலை வச்சிருக்கு, தோணியும் இருக்கு. வெள்ளத்துக்கப்புறம் ஊரை மேட்டுக்கு மாத்தினாங்க. இப்ப பழைய ஊர் இருந்த பள்ளத்துல மாடு மேயுது.

முதல் தடவை அந்தச் சிலைக்கு முன்னால நின்னப்ப 2023 டிசம்பர் இன்னும் வரலை. நல்லா இருக்குன்னு போட்டோ எடுத்துட்டு வந்தேன். 2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணி ஏரலுக்குள்ள வந்துட்டு. அம்மாவும் சித்தியும் மச்சு மேல ரெண்டு ராத்திரி. போன் கிடையாது, நான் இங்க வார்டுல நின்னுக்கிட்டு இருக்கேன். பக்கத்துத் தெரு வலைக்காரப் பையன் ஒருத்தன்தான் வள்ளத்துல வந்து அவங்களை இறக்கினான். அதுக்கு அடுத்த மாசம் திரும்பக் குண்டகாய் போனேன். சிலைக்குப் பக்கத்துல பெஞ்சு இருக்கு, அதுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். நீங்க பாலத்துக்குப் பக்கத்துல இருக்கீங்க, ஆத்துத் தண்ணி ஏறுறது உங்களுக்குத் தெரியும். நீங்களும் அங்க உக்காருங்கம்மா.

நாங்குநேரி தம்பி 170 வருஷம் பழமையாத் தோணாதுன்னு எழுதியிருக்கீங்க. கட்டடத்துக்கு அது சரிதான். ஆனா விராஜுரி மக்கள் அந்த ஆத்தங்கரையில இருக்கிறது ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்கெல்லாம் ரொம்ப முந்தின காலத்துலேர்ந்து. குண்டகாய், வாகா, ஜுனின்னு வாயில நுழையுற பேரெல்லாம் அவங்க மொழியிலேர்ந்து வந்ததுதான். தகவல் மையத்துல கேட்டா எந்த எடம் என்னன்னு நின்னு நிதானமாச் சொல்லுவாங்க.

அதே தகவல் மையத்துல ஒரு பளிங்கு மாளிகை மாதிரி இருக்கு, ஆள் மார்பளவு உயரம். பிராங்க் ருஸ்கோனின்னு ஒரு கல்தச்சர் 28 வருஷம் உக்காந்து 20,948 துண்டு பளிங்குல சேர்த்தது. ஊருக்கு வெளிய கட்டுச்சோத்துப் பெட்டி மேல நாய் உக்காந்திருக்கிற சிலையும் அவர் செஞ்சதுதான், 1932ல பிரதமர் லயன்ஸ் வந்து திறந்து வச்சார். காளை மாடு பூட்டிப் பாரவண்டி ஓட்டினவங்க சோத்துப் பெட்டிக்கு நாய் காவல் இருந்த கதை. பழைய மர ரயில் பாலம் ஒண்ணு 1903ல போட்டது, சுமார் 800 மீட்டர் நீளம், பள்ளத்தைத் தாண்டிப் போவுது. இப்ப ரயில் ஓடுறதில்லை. ஐயா அதைப் பார்த்திருப்பாங்க.

உங்க கவலைக்கு வாறேன். ரோட்டுல ஆள் இல்லாம இருக்காது, நெடுஞ்சாலையில லாரி ராத்திரி பகலா ஓடும். கொஞ்ச தூரத்துக்கு ஒரு வண்டி நிறுத்துற எடம், அதுல கழிப்பறை இருக்கும். எந்தச் சின்ன ஊர்லயும் பொதுக் கழிப்பறை சுத்தமா, காசில்லாம கிடைக்கும். நம்ம வயசான அம்மாக்கள் பயணத்துல தண்ணி குடிக்காம இருக்கிறதே இதுக்குப் பயந்துதான், இங்க அந்தப் பயம் வேண்டாம். ஏப்ரல்ல ஆறு மணிக்கெல்லாம் இருட்டிரும், கங்காரு அந்த நேரத்துலதான் ரோட்டைத் தாண்டும். அஞ்சு மணிக்குள்ள தங்குற எடத்துக்குப் போயிரச் சொல்லுங்க. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எட்டு மணிக்கு மேல போனா அடுப்பை அணைச்சிருப்பாங்க. செவ்வாய், வெள்ளிக்குக் கவலை இல்லை, பெரும்பாலான ஊர்ல ஒரு சீனாக் கடை இருக்கும், காய்கறி சோறு கேட்டா பண்ணித் தருவாங்க. ஆனா முட்டை, மீன் சாஸ் வேண்டாம்னு முதல்லயே சொல்லணும். மோட்டல் ரூம்ல கெட்டில் உண்டு, ஒரு சின்ன ரைஸ் குக்கர் காருல போட்டுக்கிட்டா ரசம் சாதம் ஆச்சு. தரைத்தள ரூமாக் கேளுங்க, கார் வாசல்லயே நிக்கும், படி கிடையாது. ஈஸ்டர் லீவுல ரூம் கிடைக்காது, இப்பவே போடச் சொல்லுங்க.

ஏப்ரல் 25 அன்சாக் தினம், போர்ல செத்தவங்களை நினைக்கிற நாள். அன்னைக்கு விடியக்காலையில ஒவ்வொரு ஊர்லயும் அந்தக் கல்தூணைச் சுத்தி ஜனம் கூடி நிக்கும். உங்க தேதி ஒத்து வந்தா ஒரு சின்ன ஊர்ல அதைப் பாருங்க. சாருக்குப் புஸ்தகத்துல கிடைக்காது.

ஊர்லேர்ந்து கொண்டு வர்ற அல்வா, பொடி, ஊறுகா எல்லாத்தையும் விமானத்துல தர்ற அட்டையில உணவுன்னு குறிச்சு, அதிகாரிகிட்ட எடுத்துக் காட்டுங்க. காட்டினா தப்பில்லை. மறைச்சா பெரிய அபராதம்.

வண்ணார்பேட்டை செல்வி:

சிஸ்டர், உங்க பதிலைச் சாருக்கு வாசிச்சுக் காட்டினேன். ஏரல் வரைக்கும் வந்ததும் குரல் கம்மி நிறுத்திட்டேன். எங்க தெருவுக்கும் அன்னைக்குத் தண்ணி வந்துது. அம்மா இப்ப நல்லா இருக்காங்களா?

சார் சொன்னாங்க: சுலோச்சன முதலியார் 1843ல தன் சொந்தப் பணத்துல பாலம் கட்டினப்ப குண்டகாயில அந்த ஊர்க்காரங்க ஆத்துப் பள்ளத்துல வீடு கட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. ரெண்டு ஆத்தையும் ஒரே காலத்துல வச்சுப் பார்க்கணும்னு நோட்டுல எழுதிக்கிட்டாங்க.

கார்டு அண்ணாச்சி, கிளென்ரோவன்னு சொல்லிட்டு நிறுத்திட்டீங்க. சார் தினமும் கேக்காங்க.

நாங்குநேரி தம்பி:

கார்டு ஐயா, எண்ணெய்க் கிணத்தைச் சொல்லிட்டீங்க, அதுக்கு மேல நான் என்ன சொல்ல. மூணு தடவையும் ஹோல்புரூக் பலகையைப் பார்த்திருக்கேன், திரும்பினதில்லை. அடுத்த மாசம் சிட்னிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறேன், திரும்புதேன்.

அம்மா, உங்க மகன்கிட்ட டெல்ஸ்ட்ரா சிம் ஒண்ணு காருல வச்சுக்கிடச் சொல்லுங்க. உள்நாட்டுல அதுக்குத்தான் அதிக தூரம் சிக்னல் வரும். மெல்பர்ன் வந்ததும் மாநில நூலகத்துக்குச் சாரை நான் கூட்டிட்டுப் போறேன். கொள்ளைக்காரன் நெட் கெல்லி போட்டிருந்த இரும்புக் கவசம் அங்கதான் இருக்கு. கார்டு ஐயா எழுதப் போறது அந்தக் கதைதான்னு நினைக்கேன்.

ஏரல் சிஸ்டர்:

அம்மா நல்லா இருக்காங்கம்மா. மச்சுல இன்னும் அரிசி மூட்டையை வச்சே இருக்காங்க, கீழ இறக்க மாட்டேங்காங்க. நீங்க குண்டகாய் வர்ற தேதியைச் சொல்லுங்க, டியூட்டி மாத்திக்கிட்டு சோறு கொண்டு வாறேன்.

மணியாச்சி கார்டு:

ரெண்டு நாள் ஊர்ல இல்லை, பதில் பிந்திட்டு. இது சாருக்காக எழுதுதேன்.

நம்ம தெற்குச் சீமையில கொள்ளைக்கார ஜம்புலிங்கத்தைப் பத்தி ஊரூராப் பேசின மாதிரி, விக்டோரியாவுல நெட் கெல்லி. ஏழைப்பட்ட ஐரிஷ் குடும்பம், போலீஸோட பகை, கொலை, பாங்கு கொள்ளை. அவனை நல்லவன்னு சொல்றவங்களும் உண்டு, கொலைகாரன்னு சொல்றவங்களும் உண்டு, அங்க ரெண்டு பக்கமும் இன்னும் வாதம் ஓயலை. மூணு போலீஸ்காரங்க அவங்க கையால செத்திருக்காங்க, அதை நான் மறக்க மாட்டேன்.

1880 ஜூன் கடைசியில கூட்டாளிங்க மூணு பேரோட கிளென்ரோவன்ல இறங்கினான். மெல்பர்ன்லேர்ந்து போலீஸ் ஸ்பெஷல் ரயில் வரும்னு தெரியும். ஊரைத் தாண்டி ஒரு வளைவுல தண்டவாளத்தைப் பேர்த்துப் போட வச்சான். ரயில் அங்க கவுந்தா அத்தனை பேரும் காலி. ஊர் ஜனத்தைப் பிடிச்சு ஹோட்டல்ல அடைச்சு வச்சாச்சு. அவங்கள்ல ஒருத்தர் அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், தாமஸ் கர்னோ. இடுப்பு சரியில்லாம நொண்டி நடக்கிறவர். கெல்லிகிட்ட நயமாப் பேசி, பெண்டாட்டி பிள்ளையோட வீட்டுக்குப் போக அனுமதி வாங்கினார். வீட்டுக்குப் போனதும் ஒரு மெழுகுவர்த்தியும் தங்கச்சியோட சிவப்புக் கழுத்துத் துணியும் எடுத்துக்கிட்டு, வேண்டாம்னு பெண்டாட்டி அழுததையும் மீறி இருட்டுல தண்டவாளத்துக்குப் போனார். ரயில் சத்தம் கேட்டதும் மெழுகுவர்த்தியைக் கொளுத்தித் துணிக்குப் பின்னால பிடிச்சார். சிவப்பு வெளிச்சம். வண்டி நின்னுட்டு.

விடிய விடியச் சண்டை நடந்துது. கூட்டாளிங்க மூணு பேரும் செத்தாங்க. கலப்பைத் தகட்டை அடிச்சுச் செஞ்ச, சுமார் 44 கிலோ கவசத்தோட வந்த கெல்லியைக் காலுல சுட்டுப் பிடிச்சாங்க. பீச்வொர்த் கோர்ட்டுல முதல் விசாரணை. நவம்பர் 11 அன்னைக்கு மெல்பர்ன்ல தூக்கு. பீச்வொர்த் கோர்ட்டுல அவன் நின்ன கூண்டுக்கு முன்னால நீங்களும் போய் நிக்கலாம்.

கிளென்ரோவன்ல பெரிய கெல்லி சிலை இருக்கும், எல்லாரும் அங்க நின்னு போட்டோ எடுப்பாங்க. நான் தண்டவாளத்தைத் தேடிப் போனேன். முப்பத்திநாலு வருஷம் சிவப்புக் கொடியும் சிவப்பு விளக்கும் என் கையில இருந்துது, ரயில்வே கொடுத்தது. அவருக்கு யாரும் கொடுக்கலை. அவர் ஒரு வாத்தியார். சார்கிட்ட அதை மட்டும் சொல்லுங்க.

தங்குற கணக்கு இப்படி வச்சுக்கிடுங்க: கோல்பர்ன், குண்டகாய், ஆல்பரி, பீச்வொர்த், ஊருக்கு ஒரு ராத்திரி. எந்த நாளும் சுமார் மூணு மணி நேரத்துக்கு மேல மொத்த ஓட்டம் வராது, ஜுனி சுத்திப் போற நாள் தவிர. அன்னைக்கு நடுவுல ரெண்டு தடவை இறங்கிருவீங்க. ஆல்பரி பிளாட்பாரத்துல முழு நீளமும் நடக்க வேண்டாம், நான் எண்ணிப் பார்த்தேன், எனக்கே அறுநூத்துச் சொச்சம் காலடி. வாசலுக்கு நேரா ஒரு பெஞ்சு இருக்கு, அம்மா அங்க உக்காரட்டும். சார் கடைசி வரைக்கும் போயிட்டு வரட்டும்.